புறாவுக்கு இடும் தானியம்

அறுவடைக்குப் பின் சேத்தியாத்தோப்பைச் சுற்றியுள்ள களங்களில் சிந்திக் கிடக்கும் நெல்லைப் புறாக்கள் பொறுக்குவதை யாரும் தடுப்பதில்லை. விதைத்த பயிரைப் பறவை உண்டாலும் அது ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்க, விரட்ட மனம் வருமா? ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் ஹரமின் புறாக்களைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை. நாகூர் மினாராக்களில் புறாக்களைப் பார்த்தே வளர்ந்தவர்களும் நம்மில் உண்டு.

பட்டணத்தில் நிலைமை வேறு. அங்கே புறா தேடித் தின்பதில்லை. மூட்டை மூட்டையாகக் கொட்டப்படுவதைத் தின்கிறது. இரை குறையாத இடத்தில் ஒரு ஜோடி வருடத்தில் பல தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு முட்டைகள் இடும். உலர்ந்த எச்சத்தின் தூளை நாள்தோறும் சுவாசிப்போரில் சிலருக்கு நுரையீரல் தடித்து, மூச்சு விடுவதே பாடாகிவிடுகிறது. 2025 ஜூலையில் மகாராஷ்டிர அரசு மும்பையின் 51 கபூத்தர்கானாக்களையும் மூடச் சொன்னதற்குக் காரணம் இதுதான். தாதரில் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். ஆகஸ்டில் ஜைன சகோதரர்கள் திரண்டு வந்து அதை அகற்றினார்கள். உயிருக்கு இரங்குவது அவர்களுடைய மார்க்கத்தின் அடிப்படை. அவர்களை ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை. பூனையைக் கட்டிப் போட்டுப் பட்டினியிட்ட பெண்ணுக்கு நேர்ந்ததை நாமும் கேட்டவர்கள்தாமே!

எனினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. தானியம் நம்முடையது, நன்மையும் நமக்கு. எதிர்வீட்டு ஜன்னலுக்குள் இருமிக் கொண்டிருக்கும் முதியவரின் மூச்சு யாருடையது? பிறர் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுப்பதை ஸதகா என்று எப்படிச் சொல்வது? தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்கும் கூடாது என்ற நபிமொழி அண்டை வீட்டாருக்கும் பொருந்தும், புறாவுக்கும் பொருந்தும். ஆகவே விஷம் வைப்பது ஆகாது. அது பயனும் தராது. இரை இருக்கும் வரை மிஞ்சியவை பெருகி அந்த இடத்தை நிரப்பிவிடும்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தார் 1988இல் வேறு வழியில் இறங்கினார்கள். இரை போடுவதைக் குறைக்கும்படி மக்களுக்கு எடுத்துச் சொன்னார்கள்; புறாக்கூடுகளை அமைத்து அவற்றிலிருந்து முட்டைகளை எடுத்தார்கள். சில ஆண்டுகளிலேயே சுமார் 20,000 புறாக்கள் ஏறத்தாழப் பாதியாயின.

இங்கே நமக்கு ஒரு சங்கடம் உண்டு. பயணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததையும், திருப்பி வைக்கும்படி நபியவர்கள் பணித்ததையும் ஹதீஸில் காண்கிறோம். முட்டைகள் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. அப்படியானால் முட்டையை எடுக்கலாமா? தேவையின்றி எடுத்ததும், நோயைத் தடுக்க எடுப்பதும் ஒன்றல்ல என்றே நமக்குப் படுகிறது. எடுத்த இடத்தில் பொய் முட்டை வைக்கும் வழக்கமும் சில நகரங்களில் இருக்கிறது. பறவை தவிக்காமல் அடைகாத்துக் கொண்டிருக்கும். இருந்தாலும் இரையைக் குறைப்பதையே நாம் முதலில் வைப்போம். அதையும் ஒரே நாளில் நிறுத்தினால் கூட்டிலிருக்கும் குஞ்சுகள் பட்டினியாகும். படிப்படியாகத்தான் செய்ய வேண்டும்.

பள்ளிவாசல்களில் இப்போது மினாரா ஜன்னல்களுக்கு வலை அடிக்கிறார்கள். ஹவுளில் எச்சம் விழாதிருக்க அது அவசியமே. ஆனால் ஆணி அறையுமுன் ஒருவர் மேலே ஏறி உள்ளே பார்க்கட்டும். குஞ்சு இருந்தால் அது பறக்க ஒரு மாதமோ சற்றுக் கூடுதலாகவோ ஆகும். அதுவரை ஜமாஅத்தார் ஹவுளுக்கு மேல் ஒரு துணியைக் கட்டி வைக்கலாம்.