தண்டியடிகள் கட்டிய கயிறு

சிவமயம்

(ஆலய மண்டபத்தில் வெள்ளிக்கிழமைப் பூசையின் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருவாரூரிலே, பிறவியிலேயே பார்வையற்ற ஓர் அடியார் வாழ்ந்தார். தண்டியடிகள் என்பது அவர் திருநாமம். அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவர். கோயிலின் மேற்குப் புறத்துத் திருக்குளம் இடம் குறைந்து போவதை அறிந்து, அதைத் தோண்டிப் பெருப்பிக்க எண்ணம் கொண்டார். கண் இல்லாதவர் குளம் தோண்டுவது எப்படி? குளத்தினுள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். மண்ணை வெட்டிக் கூடையில் எடுத்து, கயிற்றைத் தடவிக்கொண்டே கரைக்கு ஏறினார். கொட்டிவிட்டு, மறுபடியும் தடவிக்கொண்டே இறங்கினார். பார்த்தவர்கள் சிலர் ஏளனம் செய்தார்கள். அவர் தம் தொண்டை விடவில்லை.

பின்பு இறையருளால் அவர் பார்வை பெற்றதைச் சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார். இன்று நான் அந்தக் கயிற்றைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன்.

நான் சமயப் பேச்சாளன் அல்லன். கணக்காளன். இந்த மேடையில் வழக்கமாக ஆண்டறிக்கையின் வரவு செலவைத்தான் வாசிப்பேன். எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொன்னால் இன்னும் சில வீடுகளுக்கு உதவும் என்று நிர்வாகசபையினர் கேட்டதால் நிற்கிறேன்.

என் தாயாருக்கு வயது 74. டிமென்சியா என்னும் மறதிநோய் வந்து நாலு வருடம் ஆகிறது. முதலில் நோர்வேஜிய மொழி போயிற்று. பிறகு பேரப்பிள்ளைகளின் பெயர்கள் போயின. பின்னேரமானால் குழப்பம் கூடும். இந்நோயில் அது வழமை என்று வைத்தியர் சொன்னார். மார்கழியில் இங்கே மூன்றரை மணிக்கே இருட்டிவிடும். அந்த நேரம் அம்மா ஒரு பையை எடுப்பார். இரண்டு சேலை, ஒரு துவாய், ஒரு சுவாமிப் படம். "தம்பி, இருட்டுது, வெளிக்கிடு. வீட்டை போவம்" என்பார்.

அந்தப் பை எனக்குத் தெரியும். 1995 ஐப்பசி 30 அன்று வலிகாமத்திலிருந்து நாங்கள் எல்லோரும் இடம்பெயர்ந்தபோது அம்மா கட்டிய பை அது. எனக்கு அப்போது 13 வயது.

நான் என்ன செய்தேன்? கணக்காளன் அல்லவா, பிழையைக் கண்டால் திருத்தினேன். "அம்மா, ஊரில வீடு இல்லை. அது போய்க் கனகாலம். இது நோர்வே" என்றேன். ஒருநாள் கத்தியே விட்டேன். அம்மா அந்தச் செய்தியை முதல் தடவையாகக் கேட்பவர்போல் அழுதார். மறுநாளும் அதையே சொன்னேன். மறுநாளும் முதல் தடவையாகவே அழுதார். ஒரே இழப்பை அவருக்குத் தினமும் புதிதாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு விளங்கச் சில மாதங்கள் எடுத்தன. அந்தப் பாவத்தை உங்கள் முன்னிலையில் சொல்லி ஆறுகிறேன்.

மெய்யடியார்களே, நமது சித்தாந்தம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய நான்கும் அந்தக்கரணங்கள். அவை உயிருக்குக் கருவிகள். உயிர் அவற்றுள் ஒன்று அன்று. மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தின் நாலாம் சூத்திரத்தில் இதை நிறுவுகிறார். நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் என ஐந்து அவத்தைகள். உறக்கத்தில் நமக்கு நம் பெயர்கூடத் தெரியாது. அதனால் நாம் இல்லாமற் போவதில்லை. சித்தம் என்னும் கருவி மழுங்கிப்போன தாயாரிடத்திலும் உயிர் குறைவின்றி இருக்கிறது. அந்த உயிருக்குள் இறைவனும் இருக்கிறான். "அம்மா இப்போது அம்மாவே இல்லை" என்று நம்மவர் சொல்வதுண்டு, நானும் சொன்னேன். சைவன் ஒருவன் சொல்லக்கூடாத சொல் அது.

அப்படியானால் அந்த உயிர் எதைக் கொண்டு தொண்டு செய்யும்? நாற்பாதங்களில் முதலாவது சரியை. திருவலகிடுதல், மெழுகுதல், பூக் கொய்தல், மாலை தொடுத்தல், நந்தவனம் வைத்தல் எல்லாம் சரியை. இவை கை கால்களால் செய்பவை. அப்பர் சுவாமிகள் கையில் உழவாரம் ஏந்திப் புல் செதுக்கினார். திருப்புகலூர் முருக நாயனார் பூக்களை வகை வகையாகக் கொய்து மாலை கட்டினார். நேற்று என்ன நடந்தது என்று தெரியாதவருக்கும் பூக் கொய்யத் தெரியும். இளமையில் கை பழகிய வேலை, பெயர்களும் திகதிகளும் போன பின்னரும் நெடுங்காலம் கையில் நிற்கிறது. வைத்தியம் படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள்.

இதை நான் கண்ணால் கண்டேன். இந்த நாட்டிலே 'இன் பொ தூனெ' என்றொரு ஏற்பாடு உண்டு. 'முற்றத்துக்குள்' என்பது அதன் பொருள். அங்கீகாரம் பெற்ற கமக்காரர்கள் தங்கள் பண்ணையிலே மறதிநோய் உள்ளவர்களைப் பகலில் வரவேற்று, கோழிக்கும் ஆட்டுக்கும் தீனி போடுதல், விறகு அடுக்குதல், தோட்டம் கொத்துதல், காட்டுப்பாதையில் நடத்தல் முதலியவற்றை அவர்களோடு சேர்ந்து செய்வார்கள். நெதர்லாந்திலும் இத்தகைய பண்ணைகள் உள்ளன. இவ்விரு நாடுகளிலும் நடந்த ஆய்வுகளில், மற்றப் பராமரிப்பு நிலையங்களில் உள்ளவர்களைவிடப் பண்ணைக்குப் போகிறவர்கள் வெளியில் கூடுதல் நேரம் இருப்பதும், கூடுதலாக உடலை அசைப்பதும் காணப்பட்டன.

முதல் நாள் நானும் கூடப் போனேன். புரட்டாதி மாதம், முற்றம் முழுவதும் சருகு. பண்ணைக்கார அம்மையார், பேர்ச் மரச் சுள்ளியால் கட்டிய விளக்குமாறு ஒன்றை நீட்டினார். அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பைச் செருகுவதுபோல் கையை இடுப்புக்குக் கொண்டுபோனார். போட்டிருந்தது குளிர்ச்சட்டை, தலைப்பு இல்லை. குனிந்து, பின்னோக்கி அடி வைத்து, வளைவு வளைவாகக் கூட்டத் தொடங்கினார். ஊரில் விடியற்காலையில் முற்றம் கூட்டுகிற அதே கூட்டல். முடிந்ததும் வாளித் தண்ணீரைக் கையால் அள்ளித் தெளித்தார். சாணகம் தெளிக்கிற நினைவு. அவ்வளவு நேரமும் அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் பையைத் தேடவில்லை. நோய் மாறிவிட்டது என்று நினைக்கவேண்டாம். அடுத்த நாள் தேடினார், இன்றும் தேடுகிறார். இப்போது "வீட்டை போவம்" என்றால், "முற்றம் கூட்டிப்போட்டுப் போவம் அம்மா" என்கிறேன். இருவரும் வாசலைக் கூட்டுகிறோம். பல நாட்களில் அதோடு மனம் அமைதியாகிவிடுகிறது. எனக்குந்தான்.

தண்டியடிகள் தம் கயிற்றைத் தாமே கட்டினார். நம் பெற்றோருக்கு நாம்தான் கட்டவேண்டும். நான் கற்ற அளவில் அந்தக் கயிறு இதுதான். ஒரே நேரம், ஒரே பாதை, பழகிய வேலை. ஒரு தடவையில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். சொல்வதிலும் செய்து காட்டுவது நல்லது. "நேற்று எங்கே போனோம்?" என்று சோதிக்காதீர்கள். களைக்குமுன் நிறுத்துங்கள். கோடையில் புளூபெரி ஆயக் காட்டுக்குக் கூட்டிச் செல்லுங்கள். ஆய்ந்த பழம் சட்டியில் சேர்ந்ததா, வாயில் போயிற்றா என்று கணக்குப் பார்க்கவேண்டாம். வெளியே போக முடியாத மாதங்களில் யன்னலோரச் சட்டியில் வெந்தயம் போட்டால் ஒரு கிழமைக்குள் முளை தெரியும். கையால் தொட்டுப் பார்க்கட்டும். அவதானமும் வேண்டும். பனிக்காலத்தில் சப்பாத்துக்கு ஆணிப்பட்டி போடுங்கள். ஏரிக்கரையில் தனியே விடாதீர்கள். லில்யெகொன்வால், ரேவெபியெல்லெ இரண்டும் நஞ்சுச் செடிகள். கீரை என்று எண்ணிப் பறித்து வாயில் வைக்கக்கூடும்.

பராமரிக்கும் பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் ஒரு சொல். 2020 ஆம் ஆண்டில் நோர்வேயில் ஏறத்தாழ 1,01,000 பேருக்கு இந்நோய் இருந்ததாக மதிப்பிட்டார்கள். 2050 இல் அது இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்கிறார்கள். இது செய்வினையும் அல்ல, பைத்தியமும் அல்ல, குடும்பத்துக்கு மானக்கேடும் அல்ல. 2020 தை முதலாம் திகதி தொடக்கம், வீட்டில் வாழும் மறதிநோயாளருக்குப் பகல்நேரச் செயற்பாட்டுக்கு இடம் கொடுப்பது கொம்யூனின் சட்டக் கடமை. எல்லா இடத்திலும் பண்ணை இல்லை. இருக்கிறதா என்று கேளுங்கள். குடும்ப வைத்தியரிடம் தொடங்குங்கள். சைவ உணவு, மொழி ஆகியவற்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள். "பெற்ற தாயை வெளியாரிடம் விடுவதா?" என்று என் சொந்தங்களும் கேட்டார்கள். அம்மா பண்ணைக்குப் போகும் அந்த இரண்டு நாட்களில் என் மனைவி உறங்குகிறார். உறங்கி எழுந்தவரின் கையால் உண்ணும் சோறு அம்மாவுக்கும் நல்லது.

இறுதியாக ஆலயத்துக்கு ஒரு விண்ணப்பம். வருகிற வைகாசியில் நமது ஆலய வளவிலே ஒரு சிறு பூப்பாத்தி வைப்போம். சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம், மறதிநோய் உள்ள நம் பெரியவர்கள் பூக் கொய்து, அர்ச்சனைக்கு இதழ் ஆய்ந்து, வாசல் கூட்டட்டும். இளைஞர் ஒருவர் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் நிற்கட்டும். இதழ் சிறிது கசங்கியிருக்கலாம், மாலை கோணலாக இருக்கலாம். சுவாமி ஏற்றுக்கொள்வார்.

தண்டியடிகள் கண் கிடைத்த பிறகு குளத்தில் இறங்கவில்லை. இருந்தபடியே இறங்கினார். நம் பெற்றோருக்கு நினைவு திரும்புமோ திரும்பாதோ, தொண்டு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தறியை நடுவோம், கயிற்றைக் கட்டுவோம்.

எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் எல்லார்க்கும் கிட்டப் பிரார்த்திப்போமாக.

சிவசிவ.