நோயின் பெயரும் நோயாளியின் பழியும்

வாழ்நாளில் மதுவைத் தொட்டறியாத ஒரு குடும்பத் தலைவி, நெடுநாளைய சர்க்கரை வியாதிக்காகப் பரிசோதனைக்குச் சென்ற இடத்தில், ஸ்கேன் அறிக்கையில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்றிருப்பதைக் கண்டு, கல்லீரல் கெடுவது குடிகாரனுக்கல்லவா என்று கலங்குவது, மதுரையிலும் வைகைச் சமவெளியின் ஊர்களிலும் இன்று அபூர்வமன்று. அந்தக் கலக்கத்தில் தத்துவப் பிரச்சினைகள் இரண்டு அடங்கியிருக்கின்றன: ஒன்றை இன்னதன்று என்று சொல்லியே அறிந்துவிட முடியுமா? நோயென்பது நோயாளியின் வினைப்பயன்தானா?

1980-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லுட்விக் என்பவரும் அவருடைய சகாக்களும், கல்லீரல் குடிப்பவருடையதைப் போன்றே சிதைந்திருந்தும் குடிப்பழக்கம் இல்லாத இருபது பேரை ஆராய்ந்து, அதுகாறும் பெயரற்றிருந்த அந்நோய்க்கு ‘மதுசாராத கொழுப்புக் கல்லீரல் அழற்சி’ என்று நாமகரணம் செய்தார்கள். ஒளித்துக் குடிக்கிறாய் என்ற சந்தேகத்தை நீக்கியமையால் அது அன்று ஓர் உபகாரமே. ஆயினும், மறுக்கப்பட்ட மது பெயரிலேயே தங்கிவிட்டது. குணங்களைக் கடந்த பிரம்மத்தை உபநிஷத்துக்கள் நிஷேத முகமாக விலக்கி விலக்கிச் சொல்வது பொருந்தும். குணமும் காரணமும் உடைய வியாதிக்கு அது லட்சணமாகாது. நீரிழிவும் மிகுகுடியும் ஒருங்கே உடையவனுக்கு அந்த வரையறையில் இடமே இல்லாமற் போனது, தர்க்க சாஸ்திரம் கூறும் அவ்யாப்தி தோஷமாகும்.

2023-இல் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் பல கூடிப் பெயரை மாற்றின. கல்லீரலில் கொழுப்புப் படிந்திருப்பதோடு, உடற்பருமன், சர்க்கரை, இரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு மிகுதி, நல்ல கொலஸ்டிரால் குறைவு ஆகிய ஐந்தில் ஒன்றேனும் இருப்பின், அது ‘வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த கொழுப்புக் கல்லீரல் நோய்’ எனப்படும். பருமனுக்குப் பிறர்க்கு பி.எம்.ஐ. 25 எல்லையாக, ஆசியர்க்கு 23 என வைத்தார்கள். மதுவும் மிகுந்தவர்க்குத் தனி வகுப்பு அமைத்தார்கள்.

சைவ சித்தாந்தம் சொல்லும் காண்டல், கருதல் (அநுமானம்) என்ற அளவைகள் இங்கும் வேண்டப்படுகின்றன. கல்லீரல் உயிரணுக்களில் நூற்றுக்கு ஐந்தில் கொழுப்பு இருந்தாலே நோய் எனினும், சாதாரண ஸ்கேன் அது இருபது முப்பதை எட்டினாலன்றித் தெளிவாகக் காட்டாது. ‘கிரேடு’ என்பது கொழுப்பின் அளவையே உரைக்கும். கல்லீரலில் விழுந்து ஆயுளைத் தீர்மானிக்கும் தழும்பை உரைக்காது. அத்தழும்பை, வயது, இரு என்ஸைம்கள், பிளேட்லெட் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு கணிக்கும் ஃபிப்-4 என்ற அநுமானத்தாலும், ஃபைப்ரோஸ்கேனாலும் நாடவேண்டும்.

திருஞானசம்பந்தர் தங்கிய மடத்துக்கு இட்ட தீயே பாண்டியனைச் சுரமாகப் பற்றியது என்ற பெரியபுராண வரலாற்றைக் கேட்டு வளர்ந்த மதுரை மக்கள், நோயை வினையோடு இணைத்துப் பார்ப்பது இயல்பே. ஆனால், குற்றம் வெளிப்படையாயிருந்த அவ்விடத்திலும், சம்பந்தர் திருநீறிட்டு அரசனைக் குணப்படுத்தினார். பிறவிக் கூறும், உட்கார்ந்தே செய்யும் தொழிலும், மாறிவிட்ட உணவும் சேர்ந்து விளைத்த நோய்க்கு ஒருவரை மட்டும் குற்றவாளியாக்க நமக்கு என்ன அதிகாரம்? வினைக்கொள்கை முயற்சியையும் விதிக்கிறது: பருத்தவர் உடல் எடையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைத்தால் அழற்சியே தணியக்கூடும்.

மருத்துவர் மதுவைப் பற்றிக் கேட்பது நோயை வகுப்பதற்காக. அவரிடம் உண்மையை மறையாது சொல்லுங்கள். உற்றார் அதே கேள்வியைக் குற்றச்சாட்டாகக் கேட்பதை விடுத்து, தழும்பு உண்டா என்று மருத்துவரிடம் விசாரிப்பார்களாக.