ஏமாற்றம் யாருடையது?

ஏமாற்றம் என்பது நம் மொழியில் சௌகரியமான ஒரு சொல். நான் ஏமாந்ததையும் இன்னொருவன் என்னை ஏமாற்றியதையும் அது பிரித்துச் சொல்வதில்லை. நாம் மதிக்கும் ராக் இசைக்கலைஞன் ஒருவனின் மோசமான இசைத்தட்டைக் கேட்டுவிட்டு ‘ஏமாற்றம்’ என்கிறபோது, அந்த மயக்கத்திற்குள் ஒரு குற்றச்சாட்டும் ஒளிந்துகொள்கிறது.

நீல் யங்கின் ‘டிரான்ஸ்’ (1982) எனக்கு அப்படி வாய்த்த தட்டு. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில் இயர்போனில் கேட்டேன். ‘ஹார்வெஸ்ட்’ (1972) பழக்கியிருந்த அந்த மெலிந்து நடுங்கும் குரலுக்காகக் காத்திருந்தேன். வந்தது, வோகோடர் என்ற கருவிக்குள் புகுந்து உலோகமாகிவிட்ட குரல். சொற்கள் பிடிபடவில்லை. கச்சிராயபாளையம் வருவதற்குள் நிறுத்திவிட்டேன். ஏமாற்றிவிட்டார் என்றே மனம் சொல்லிற்று.

ஏறக்குறைய இதையே ஒரு கம்பெனி நீதிமன்றத்தில் சொன்னது. அடுத்து 1983இல் ஐம்பதுகளின் ராக்கபில்லி பாணியில் யங் ஒரு தட்டு வெளியிட்டார். கெஃபன் ரிக்கார்ட்ஸ் 33 லட்சம் டாலர் கேட்டு அவர்மீது வழக்குப் போட்டது. இவை அவருடைய இசைக்குரிய குணம் இல்லாதவை என்பது வாதம். அதாவது, நீல் யங் நீல் யங்கைப் போல் இல்லை. வழக்கு பிறகு கைவிடப்பட்டது. ஆனால் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாதியின் பக்கத்தில் நானும் நின்றிருந்தேன். கம்பெனியிடமாவது ஓர் ஒப்பந்தம் இருந்தது.

அந்தச் சாலையில் மலைக்குக் கீழே கரும்பு. ஆலைக்குப் பதிந்த கரும்பைக் கொடுத்தாக வேண்டும். கோமுகி அணை தாண்டி கல்வராயன் மலை ஏறினால் சாமை; காட்டில் தேன். தேனுக்குப் போகிறவன் காட்டோடு ஒப்பந்தம் எழுதிக்கொண்டு போவதில்லை. நான் ஒரு கலைஞனிடம் தேனுக்குப் போகிறவனாகத்தான் போகிறேன். இரண்டு நல்ல தட்டுகள் கிடைத்ததும் அவனைக் கரும்பாகப் பதிந்துகொள்கிறேன்.

அதற்காக, கசப்பைத் தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரியவன் செய்தது, உள்ளே ஏதோ ஆழம் இருக்கும் என்று தலையாட்டுவது ரசனை அல்ல, விசுவாசம். பாப் டிலனின் ‘செல்ஃப் போர்ட்ரெய்ட்’ (1970) வந்தபோது கிரீல் மார்கஸ் ரோலிங் ஸ்டோன் இதழில் ஒரு வசைச் சொல்லோடுதான் மதிப்புரையை ஆரம்பித்தார். அந்தக் காலப் பதிவுகள் 2013இல் மேற்பூச்சு நீங்கி வெளிவந்தன. அத்தொகுப்புக்குக் குறிப்புரை எழுதியவர்களில் அவரும் ஒருவர். முதல் தீர்ப்பு இதனால் பொய்யாகிவிடவில்லை. தீர்ப்புச் சொன்ன பிறகும் அவர் காதை மூடிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

‘டிரான்ஸ்’ பற்றிய ஒரு விஷயம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. யங்கின் மகனுக்குப் பெருமூளை வாதம், பேச்சு வராது. சொல்ல முயன்றும் சொல்ல முடியாத அந்த நிலையிலிருந்து பிறந்த குரல் அது என்று யங் சொல்லியிருக்கிறார். எனக்குச் சொற்கள் பிடிபடவில்லை என்பதுதான் அந்தத் தட்டின் விஷயமே.

பிறகு ஒருமுறை அதே பஸ்ஸில் கடைசிவரை கேட்டேன். பாதிப் பாட்டுகள் இப்போதும் பிடிக்கவில்லை. துக்கம் உண்மையானது என்பதால் பாட்டு நல்ல பாட்டாகிவிடாது. ஆனால் ஏமாற்றினார் என்று இனி சொல்ல மாட்டேன். ஏமாந்தேன் என்பது மட்டும் மிச்சமிருக்கிறது. அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.