எர்த் தேடும் நேரம்

பிரேக்கை மிதித்தால் மீட்டர் போர்டில் மங்கலாக ஒரு வெளிச்சம். லைட் சுவிட்ச் அணைந்துதான் இருக்கிறது. காலை எடுத்தால் வெளிச்சமும் போய்விடுகிறது. பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்களில் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். உடனே டாஷ்போர்டைக் கழற்றத் தோன்றும். கழற்ற வேண்டாம். டிக்கிப் பக்கம் போய் உட்கார வேண்டும்.

பின்விளக்கு பல்புக்குள் இரண்டு இழைகள். 21 வாட் பிரேக்குக்கு, 5 வாட் பார்க்கிங்குக்கு. இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான்: பல்பின் பித்தளை உடம்பு, அதைப் பிடித்திருக்கும் ஹோல்டர், ஹோல்டரைத் தகட்டோடு சேர்க்கும் ஸ்க்ரூ. ஸ்க்ரூவுக்குக் கீழே துரு ஏறிவிட்டால் பிரேக் இழைக்குள் வந்த மின்சாரத்துக்கு வெளியேற வழி இல்லை. பக்கத்து இழைக்குள் ஏறி, பார்க்கிங் வயரில் எதிர்த்திசையில் முன்னால் ஓடி, மீட்டர் விளக்கின் எர்த்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் அங்கே வெளிச்சம். மின்சாரத்தின் மேல் குற்றமே இல்லை. அடைத்த வழியை விட்டுத் திறந்த வழியில் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்க்ரூவைக் கழற்றி, தகட்டில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு உப்புத்தாள் போட்டு, வெள்ளை இரும்பு தெரிந்ததும் திரும்ப முடுக்கினால் போதும். கொஞ்சம் வாஸ்லின் தடவினால் அடுத்த மழைக்கும் தாங்கும்.

*

வண்டியில் ஏதாவது எரியவில்லை என்றால் கரன்ட் வருகிறதா என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். வந்த கரன்ட் திரும்பிப் போகிறதா என்று பார்ப்பவர் குறைவு. வருவதற்கு வயர் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. திரும்புவதற்கு வண்டியின் உடம்பே வழி. பெயிண்ட், துரு, பட்டி பார்த்த இடம், எப்போதோ வெல்டிங் வைத்த தகடு எல்லாம் அந்த வழியில்தான் இருக்கின்றன.

அம்பாசிடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்த வண்டி. உத்தர்பாராவில் 2014 வரை செய்தார்கள். ஆங்கிலேய வண்டி என்பதால் மின்சாரப் பரம்பரையும் பர்மிங்காம் லூகாஸ் பரம்பரைதான். 1961-இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் சென்னை பாடியில் இன்னமும் இருக்கிறது. லூகாஸை ‘இருளின் இளவரசன்’ என்று கேலி செய்வது பழைய கார்க்காரர்களின் பொழுதுபோக்கு. அந்தக் கேலியில் பாதி நியாயம்கூட இல்லை என்பது என் கட்சி. பல ஆண்டுகளாக யாரும் தொடாத எர்த் ஸ்க்ரூவுக்கு டைனமோ செய்தவர் என்ன பண்ணுவார்?

*

மல்டிமீட்டர் நல்ல கருவி. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. வயருக்குள் இருக்கும் செம்புக் கம்பிகளில் ஒன்றைத் தவிர எல்லாம் அறுந்திருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். மீட்டர் இழுக்கும் கரன்ட் அவ்வளவு சொற்பம். ஹெட்லைட்டை மாட்டினால் அந்த 12 வோல்ட் எங்கே போனதென்று தெரியாது. பழைய எலக்ட்ரீஷியன்கள் கையில் வைத்திருந்தது ஒரு பல்பு, இரண்டு வயர், ஒரு கிளிப். பல்பு கரன்ட்டை இழுக்கும். இழுத்தால்தான் வயரின் வண்டவாளம் வெளியே வரும்.

மீட்டரையும் அப்படியே வேலை வாங்கலாம். ஹெட்லைட்டைப் போட்டு எரியவிட்டு, ஒரு முனையை பேட்டரியின் நெகடிவ் கம்பத்தில் வைத்து, இன்னொன்றை விளக்கின் எர்த் வயரில் வைக்க வேண்டும். இரண்டும் ஒரே இடம்தான் என்று வண்டி நினைத்துக்கொண்டிருக்கிறது. மீட்டர் 0.1, 0.2 வோல்ட் காட்டினால் சரி. 1 வோல்ட் காட்டினால் அந்த ஒரு வோல்ட் வழியில் எங்கோ சூடாக வீணாகிறது. முனையைத் தகட்டுக்கு, பிறகு இன்ஜினுக்கு, பிறகு பேட்டரி கேபிளின் லக்குக்கு என்று ஒவ்வொரு இடமாக நகர்த்தினால், எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே எண் குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு. இதில் அவசரம் உதவாது. ஒரு நேரத்தில் ஓர் இணைப்பைத்தான் கேட்க முடியும்.

ஒரு வோல்ட்தானே என்று விட்டுவிட முடியாது. இழை பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். இதற்கு நம் ஊரில் கண்டுபிடித்த மருந்து 100/90 வாட் பல்பு. அது இழுக்கும் கூடுதல் கரன்ட் முழுக்க அதே பழைய சுவிட்ச் வழியாகத்தான் போக வேண்டும். சுவிட்ச் உருகும். ஐம்பதுகளின் ஆங்கிலேய வண்டிகளில் பெரும்பாலும் ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸே இல்லை என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். எர்த்தைச் சுத்தம் செய்து ஒரு ரிலே வைத்தால் பழைய 60/55 பல்பே போதும்.

*

நிறுத்திவைத்த வண்டியில் பேட்டரி இறங்குவது தனிக் கதை. முழுச் சார்ஜில் ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். நெகடிவ் கேபிளைக் கழற்றி, கம்பத்துக்கும் கேபிளுக்கும் நடுவே ஆம்பியர் மீட்டரைப் போட்டால், எலக்ட்ரானிக்ஸ் இல்லாத பழைய வண்டியில் எண் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும். அரை ஆம்பியர் காட்டினால் 60 ஆம்பியர்-அவர் பேட்டரி ஐந்து நாளில் காலி. (மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பி செல்ஃப் அடித்துவிடாதீர்கள்.) ஃப்யூஸை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே எண்ணைப் பார்க்கலாம். எல்லாம் உருவியும் எண் இறங்கவில்லையா? ஃப்யூஸ் வழியே போகாதவற்றைப் பார்க்க வேண்டும். ஆல்டர்நேட்டரின் கசியும் டயோடு அங்கே முதல் ஆள்.

*

வந்து வந்து போகும் கோளாறுதான் மனிதனைச் சோதிக்கும். செட்டுக்குக் கொண்டுபோனால் வண்டி ஒழுங்காக ஓடும், வீட்டுக்கு வந்தால் படுத்துக்கொள்ளும். ஓர் எலக்ட்ரீஷியன் அண்ணன் செய்வதைப் பார்த்திருக்கிறேன். விளக்கு, ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். வந்ததும் கப்ளர்களை விரல் நுனியால் வரிசையாகத் தொட்டுக்கொண்டு போவார். “சூடு எங்க இருக்கோ அங்கதான் சார் லூஸ். மீட்டரெல்லாம் அப்புறம் பாக்கலாம்.” சூடு இல்லையென்றால் வயரிங்கைக் கையால் மெல்ல வளைத்துப் பார்ப்பார்: இன்ஜின் அறைத் தகட்டை வயர் தாண்டும் ஓட்டை, ரப்பர் புஷ் இறுகிப்போன இடம், ஸ்டியரிங் தண்டின் அடி. வளைக்கும்போது விளக்கு சிமிட்டினால் கை அங்கேயே நின்றுவிடும். கத்தியால் மேலுறையைக் கீறிக் காட்டுவார். உள்ளே செம்பு கறுத்துப் பொடிந்திருக்கும்.

*

லூகாஸ் வழக்கத்தில் பழுப்பு வயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவி போட்டால் உயிர் வருவது. பச்சை, அதே கரன்ட் ஃப்யூஸைத் தாண்டிய பிறகு. சிவப்பு பார்க்கிங், நீலம் ஹெட்லைட், கறுப்பு எர்த். பானெட்டைத் திறந்ததும் படிக்கக் கிடைக்கும் எழுத்து இது. ஆனால் இன்று கைக்கு வரும் பழைய வண்டிகளில் பாதி வயர்கள் மஞ்சள், மீதி வீட்டு வயரிங்கில் மிஞ்சியது. நீங்கள் ஒரு வயரை மாற்றினால் அதே நிறத்தில் வாங்கிப் போடுங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு முனையிலும் ஒரு சீட்டாவது கட்டி, எதற்குப் போகிறது என்று எழுதிவையுங்கள்.