காரணமும் குற்றமும்

புற்றுநோய் வந்த ஆணிடம் சிகரெட், குடி பற்றிக் கேட்பார்கள். பெண் என்றால் விசாரணை நீளும். எத்தனை வயதில் கல்யாணம், முதல் பிள்ளை எப்போது, பால் கொடுத்தாளா, அம்மா வழியில் யாருக்காவது இருந்ததா. இவையெல்லாம் வெறும் வம்பு என்று தள்ளிவிட முடியாது. முதல் பிள்ளையைத் தாமதமாகப் பெறுவதும் பால் கொடுக்காததும் மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பைச் சற்றுக் கூட்டும் என்று மருத்துவப் புத்தகங்களே சொல்கின்றன. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. உண்மையான காரணம் ஒன்றைச் சொல்லிக்கொண்டே ஒரு பெண்ணைக் குற்றவாளி ஆக்கிவிட முடிகிறது. (அம்மா வழி என்பது மட்டும் பாதி உண்மை. பிஆர்சிஏ மரபணுக்களில் உள்ள பிழை அப்பாவிடமிருந்தும் அதே வாய்ப்போடு வரும். அப்பா வழியை யார் விசாரிக்கிறார்கள்?)

டி.என்.ஏ.வில் ஏற்படும் சேதம் எப்படிப் புற்றுநோய்க்கான சடுதிமாற்றமாகிறது என்பதுதான் முனைவர் பட்டத்துக்குப் பிறகான என் ஆய்வு. நாள் முழுக்கக் காரணம் தேடுவதே என் பிழைப்பு. ஆகவே அந்த விசாரணையிலிருந்து நான் முற்றிலும் விலகி நிற்பவள் அல்ல.

சேதமும் சடுதிமாற்றமும் ஒன்றல்ல. நம் ஒவ்வொரு செல்லிலும் நாள்தோறும் ஆயிரக்கணக்கான இடங்களில் டி.என்.ஏ. சேதமடைகிறது. இதற்கு வெளியிலிருந்து நஞ்சு எதுவும் வர வேண்டியதில்லை. உடம்பில் உள்ள நீரும் ஆக்சிஜனும் போதும். செல் அவற்றைச் சரிசெய்துகொண்டே இருக்கிறது. அதற்குள் செல் பிரிய நேர்ந்து, சேதமான எழுத்துக்கு எதிரே தவறான எழுத்து அமர்ந்துவிட்டால் அந்தத் தவறு நிலைத்துவிடும். அப்புறம் அது பிழை என்று செல்லுக்கே தெரியாது.

எதனால் சேதம் என்பதைப் பொறுத்துப் பிழையின் சாயலும் மாறும். வெயிலின் புறஊதாக் கதிர் அடுத்தடுத்த எழுத்துகளைப் பிணைத்து, சைட்டோசின் இருந்த இடத்தில் தைமினை வரவைக்கும். புகையில் உள்ள பென்சோபைரீன், உடம்புக்குள் மாற்றமடைந்து குவானினில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்த இடத்தில் தைமின் வரும். ஒரு கட்டியில் சேர்ந்திருக்கும் ஆயிரக்கணக்கான பிழைகளைத் தொகுத்துப் பார்த்தால், எது அதிகம் தாக்கியது என்று ஓரளவு சொல்ல முடியும்.

சீனாவின் யுன்னான் மாகாணத்தில் சுவான்வெய் என்றொரு பகுதி. அங்கே பெண்கள் சிகரெட் பிடிப்பது மிக அரிது. ஆனாலும் பெண்களிடையே நுரையீரல் புற்றுநோய் சீனாவிலேயே மிக அதிகமாக இருந்த இடங்களில் அது ஒன்று. வீட்டுக்குள், புகைபோக்கி இல்லாத அடுப்பில், கரும்புகை கக்கும் நிலக்கரியை எரித்துச் சமைத்தார்கள். அவர்களுடைய கட்டிகளில் டிபி53 மரபணுவைப் படித்த ஆய்வாளர்கள் அதிகம் கண்டது, குவானின் இருந்த இடத்தில் தைமின். சிகரெட் பிடிப்பவர்களின் கட்டியில் தெரிகிற அதே சாயல்.

இதை வைத்து என்ன சொல்வது? அடுப்பை மூட்டியது அவள் கைதான். காரணச் சங்கிலியில் அந்தக் கை இருக்கிறது. ஆனால் சமையல் யார் வேலை, புகை வெளியேற வழி வேண்டுமா, எந்த நிலக்கரி கையருகே கிடைக்கும் என்பதையெல்லாம் அந்தக் கை முடிவு செய்யவில்லை. டி.என்.ஏ.வில் புகை பதிகிறது, இவை பதிவதில்லை. பின்னாளில் புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறிய வீடுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வின்படி, மாறாத வீடுகளைவிட அங்கே நுரையீரல் புற்றுநோய் ஆண், பெண் இருவரிடமும் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. சமைப்பதை யாரும் நிறுத்தவில்லை.

பழி சொல்வது பிடிக்காதவர்கள் “எல்லாம் துரதிர்ஷ்டம்” என்பார்கள். 2015இல் தொமாசெட்டி, வோகல்ஸ்டீன் என்ற இருவர், வெவ்வேறு திசுக்களின் புற்றுநோய் வாய்ப்பில் காணப்படும் வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை ஸ்டெம் செல்கள் எத்தனை முறை பிரிகின்றன என்பதைக் கொண்டே விளக்கலாம் என்று எழுதினார்கள். செய்திகளில் அது “மூன்றில் இரண்டு புற்றுநோய் துரதிர்ஷ்டம்” என்றானது. அந்தக் கணக்கில் மார்பகப் புற்றுநோய் சேர்க்கப்படவே இல்லை என்பதைச் சொன்னவர்கள் குறைவு. துரதிர்ஷ்டம் என்ற சொல் நோயாளிக்கு ஆறுதல் தரும், பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் சுவான்வெய்யில் அதைச் சொன்னால் புகைபோக்கி இல்லாத அடுப்பும் தப்பித்துவிடும். நம் ஊர் “விதி”யைப் போலத்தான்.

தனி ஒரு பெண் “எனக்கு ஏன்?” என்று கேட்டால், இந்தப் பிழை இந்த நாளில் இதனால் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. கூட்டாகப் பார்க்கும்போது தெரிகிற சாயலைக் கொண்டு ஒருத்தியின் வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

எங்கள் தரவு அட்டவணையில் சிகரெட்டும் மதுவும் அடுப்புப் புகையும் ஒரே தலைப்பின் கீழ் இருந்தன: “வாழ்க்கைமுறை”. அடுப்பை மட்டும் “வீடு” என்ற தலைப்புக்கு மாற்றலாம் என்றேன். தலைப்பு மாறினால் கணக்கு மாறாதே என்றார் உடன் பணிபுரிபவர். கணக்கு மாறாதுதான். ஆனால் அந்த அட்டவணையைப் படித்துவிட்டு, அறிவுரைத் துண்டறிக்கை அச்சடிப்பதா, புகைபோக்கி கட்டுவதா என்று யாரோ ஒருவர் முடிவு செய்யப்போகிறார்.