சுண்ணாம்பு கற்பிக்கும் கடமை

வெள்ளையடித்த சுவர் நாளடைவில் இறுகுவதை நாம் கண்டிருக்கிறோம். காளவாயில் சுடும்போது சுண்ணாம்புக்கல் இழந்துவிடும் கரியமில வாயுவை, சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து சிறிது சிறிதாக மீட்டுக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. இந்த எளிய இயல்பையே, புவி வெப்பமடைதலைத் தணிக்கும் கருவியாக்க அறிவியலார் முயன்று வருகின்றனர்.

ஆலைப் புகையை ஏறத்தாழ 650 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்ட சுண்ணாம்புத் துகள்களின் ஊடே செலுத்தினால், அவை கரியமில வாயுவைப் பற்றிக்கொள்கின்றன. பின்னர் வேறொரு கலத்தில் 900 பாகைக்குச் சூடாக்கினால் வாயு தனியே பிரிகிறது. துகள்கள் மீண்டும் பணிக்குத் திரும்புகின்றன. 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முன்மொழிந்த இம்முறை, 2012 முதல் ஸ்பெயின் நாட்டின் அஸ்தூரியாஸ் பகுதியில் லா பெரேதா நிலக்கரி மின்நிலையத்தையொட்டி, 1.7 மெகாவாட் வெப்பத்திறனுள்ள சோதனை ஆலையில் ஆராயப்பட்டது.

ஆயினும் சுண்ணாம்புக்கும் சோர்வு உண்டு. கணக்கின்படி 1 கிலோ தூய சுண்ணாம்பு 786 கிராம் வாயுவை ஏற்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு சூட்டிலும் துகள்களின் நுண்மணிகள் உருகாமலே ஒன்றோடொன்று இறுகி ஒட்ட, அவற்றின் நுண்துளைகள் அடைபடுகின்றன. சில நூறு சுற்றுகளுக்குப்பின் இயற்கைச் சுண்ணாம்பின் கொள்திறனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே எஞ்சுகிறது. மக்னீசியம், அலுமினியம் ஆகியவற்றின் சேர்மங்களைத் துணை சேர்த்தும், நீராவியால் புத்துயிரூட்டியும் இத்தளர்ச்சியைக் குறைக்க முயல்கின்றனர். ஒவ்வொரு முறை நீற்றுவதற்கும் புதிய எரிபொருள் தேவை. பிடித்த வாயுவையோ தலைமுறை தலைமுறையாக நிலத்தடியில் காக்க வேண்டும்.

இங்கே அறக்கேள்வி ஒன்று எழுகிறது. பிடிக்கும் வழி இருப்பதால், மேலும் எரிக்கும் உரிமை நமக்கு உண்டாகுமோ?

பிறர் பொருளைக் கவர்ந்தவன் வருந்தினால் மட்டும் போதாது. கவர்ந்ததைத் திருப்பித் தரவும் வேண்டும், இனிக் கவராதிருக்கவும் வேண்டும் என அறநெறி கூறும். பின்னர்த் தந்துவிடலாம் என்றெண்ணிக்கொண்டே கவர்பவனை எவரும் மனம் திரும்பியவன் என்று கொள்ளார்.

அப்படியானால் இவ்வாய்வே வேண்டாமா? அதுவும் சரியன்று. சிமெண்டை எண்ணிப் பார்ப்போம். அவ்வாலைகளின் கரியமில வாயுவில் ஏறத்தாழ 60 விழுக்காடு, எரிபொருளினின்று அன்று, சுண்ணாம்புக்கல்லினின்றே வெளிவருகிறது. நிலக்கரியை அறவே நீக்கினாலும் அது நிற்காது. வீடற்றோர்க்கு வீடு கட்ட வேண்டாம் என்று கூற நம்மில் யாருக்கு மனம் வரும்? அத்தகைய இடத்தில் பிடித்து வைப்பது கடமையாகிறது. ஆனால் கதிரவனும் காற்றும் ஒளி தரக்கூடிய இடத்தில், பழக்கத்தையும் ஆதாயத்தையும் முன்னிட்டு எரித்துவிட்டுப் பிறகு பிடிப்போம் என்பது சாக்குப்போக்கேயாகும்.

ஆகவே நாம் முதலில் கேட்க வேண்டியது, 'எவ்வளவு பிடிக்கலாம்?' என்பதன்று, 'எதை எரிக்காமலே வாழலாம்?' என்பதே. இதற்கு நேர்மையாக விடை கண்டபின் எஞ்சுவதைச் சுண்ணாம்பிடம் ஒப்படைப்போம். தளரக்கூடிய அப்பொருளின்மீது தவிர்க்கக்கூடிய சுமையையும் ஏற்றுவது முறையன்று.