யார் தட்டில் குறைகிறது?

‘வாங்கிய கடனை வட்டியும் முதலுமாக அடைத்துவிட்டார், மானமுள்ள மனிதர்!’ என்று ஊரார் ஒருவரைப் போற்றிப் பேசுவர். பேசட்டும், தவறில்லை. கைநீட்டி வாங்கியதைத் திருப்பித் தருவது நேர்மை. சொன்ன சொல் நிற்காத ஊரில் வாணிபமும் நில்லாது, நட்பும் நில்லாது. ஆனால், அந்தப் பாராட்டு காதில் விழும்போதெல்லாம் பகுத்தறிவாளன் மற்றொன்றையும் கேட்டாக வேண்டும். அடைத்தார், சரி, எதைக் கொண்டு அடைத்தார்? யார் தட்டில் குறைந்த சோறு தவணையாயிற்று? யார் பாதியில் மூடிய பாடநூல் வட்டியாயிற்று?

தமிழில் ‘கடன்’ என்ற சொல்லுக்குக் கடமை என்றும் பொருள். புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் அந்தப் பொருளில்தான் அச்சொல்லை ஆள்கிறார். தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று, கொல்லனுக்கு ஒன்று, வேந்தனுக்கு ஒன்று என்று கடனை ஆளுக்கு ஆள் பகிர்ந்து வைக்கும் பாடல் அது. எல்லாச் சுமையையும் ஒரே தலையில் ஏற்றும் பாடல் அன்று!

தரும நூல்கள் கடனை எப்படிப் பார்த்தன? மனுநீதி, வட்டியைக்கூட வருணம் பார்த்து வகுத்தது. மாதம் நூற்றுக்குப் பிராமணனிடம் இரண்டு, சத்திரியனிடம் மூன்று, வைசியனிடம் நான்கு, சூத்திரனிடம் ஐந்து! உழைத்து ஓடானவனிடம் உயர்ந்த வட்டி. உட்கார்ந்து உண்பவனிடம் குறைந்த வட்டி. இதற்குப் பெயர் நீதி! தந்தை பட்ட கடனை மகன், பேரன், கொள்ளுப்பேரன் வரை அடைப்பது புனிதக் கடமை என்றும், அடைக்காவிட்டால் தந்தைக்கு நற்கதி இல்லை என்றும் அச்சுறுத்தினர். அந்த நரக பயம் நீதிமன்றத்திலும் செல்லுபடியாயிற்று என்பதை நம்புவீர்களா? ஆயிற்று. 2005இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்படும் வரையில் அந்தக் கோட்பாட்டுக்குச் சட்டத்தில் இடம் இருந்தது. 2005 செப்டம்பர் 9க்குப் பிறகு பட்ட கடனுக்கு, ‘நீ மகன், அது உன் புனிதக் கடமை’ என்று மட்டும் சொல்லி எந்த மகனையும் வழக்கில் இழுக்க முடியாது. அதே திருத்தந்தான் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமையை வழங்கியது. தமிழ்நாடோ அந்த உரிமையை 1989லேயே சட்டமாக்கியிருந்தது.

சட்டம் மகனை விடுவித்தது. மகளுக்கு உரிமை தந்தது. வாழ்க! ஆனால், அடுக்களையில் எந்தச் சட்டம் ஆள்கிறது?

திருப்பூரில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கணக்கு நாம் எடுத்துக்காட்டுக்காகப் போட்டதுதான்; எனினும் பனியன் கம்பெனிகள் நிறைந்த எந்தத் தெருவிலும் அதன் சாயலைக் காணலாம். கணவர் டெய்லர். மனைவிக்குச் செக்கிங் வேலை. சனிக்கிழமை இருவர் கூலியும் சேர்ந்தால் 6,600 ரூபாய். மூத்த மகளின் திருமணத்துக்காகப் பட்ட கடன் மூன்று. புரோநோட்டு எழுதிக் கொடுத்து மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியது ஒரு லட்சம். வங்கியில் நகையை அடகு வைத்து வாங்கியது ஒரு லட்சம். மனைவியின் பெயரில் குழுக்கடன் 50,000.

மாதந்தோறும் புரோநோட்டுக்கு வட்டி 3,000. நகைக்கடன் வட்டிக்கு எடுத்து வைப்பது 850. குழுக்கடன் தவணை 2,650. ஆக 6,500! நான்கு வாரம் உழைத்தால் ஒரு வாரக் கூலி முழுவதும் கடனுக்கே. அதிலும் அந்த 3,000 முதலில் ஒரு காசைக்கூடக் குறைப்பதில்லை. மூன்று ஆண்டு கட்டினால் 1,08,000 கட்டியாயிற்று. ஒரு லட்சம் அப்படியே நிற்கிறது! ‘மூன்று ரூபாய்தானே’ என்று இளப்பமாகச் சொல்கிறோம். ஆண்டுக்கு நூற்றுக்கு முப்பத்தாறு என்று சொல்லிப் பாருங்கள்; அப்போது தெரியும் அதன் பல்.

இந்த 6,500 எங்கிருந்து வருகிறது? கணவர் ஒன்றரை ஷிப்டு பார்க்கிறார், முதுகு வலிக்கிறது, வாய் திறப்பதில்லை. அவர் கொடியவர் அல்லர். மனைவியும் அதே அளவு நின்று உழைத்துவிட்டு வருகிறாள். வந்தபின் அடுப்பு, பாத்திரம், தண்ணீர்க் குடம். அரை லிட்டர் பால் கால் லிட்டராகிறது. அவளுடைய காப்பி கடுங்காப்பியாகிறது. வாரம் ஒருமுறை இருந்த கறிக்குழம்பு மாதம் ஒருமுறையாகிறது. அந்த ஒரு நாளும் துண்டுகள் கணவருக்கும் மகனுக்கும் போக, அவளுக்குக் குழம்பு. தினம் விழுங்க வேண்டிய இரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்குகிறாள். இளைய மகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறிவிட்டாள். ‘ஒரு வருடம் கம்பெனிக்குப் போகட்டும்; கடன் குறைந்ததும் படிக்கலாம்’ என்கிறார்கள். அண்ணன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவன் ஒரு வருடம் நிற்கட்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கே தோன்றவில்லை!

யாரும் இப்படிச் செய்க என்று ஆணையிடவில்லை. ஆணையிடத் தேவையே இல்லாதபடி பழக்கம் அங்கே அரசோச்சுகிறது. முதல் மகளின் திருமணத்துக்காகப் பட்ட கடனுக்கு இரண்டாம் மகளின் படிப்பு ஈடாக வைக்கப்படுகிறது. எந்தப் பத்திரத்திலும் அது எழுதப்படுவதில்லை.

‘அன்பு குடிகொண்ட வீட்டில் கணக்கு எதற்கு? தாய் விரும்பித் தருகிறாள். அது தியாகம்’ என்பார் சிலர். தோழர்களே, இங்கேதான் நாம் நின்று நிதானித்துச் சிந்திக்க வேண்டும். மறுக்கும் உரிமை உள்ளவர், மறுக்காமல் தந்தால் அது தியாகம். மறுத்தால் ‘இவளும் ஒரு தாயா?’ என்று பழி வரும் என்ற நிலையில் தருவது வரி. இன்று அவர், நாளை இவர் என்று முறைமாறி விட்டுக்கொடுத்தால் அது அன்பு. என்றென்றும் ஒருவரே விட்டுக்கொடுக்க, மற்றவர் அதைக் கவனிக்காமலே உண்டு எழுவது அன்பின் பெயரால் நடக்கும் சுரண்டல். தாயைத் தெய்வம் என்று பாடுகிறோம். தெய்வத்துக்குப் பசிக்காது என்ற வசதிக்காகவா?

வெளியுலகச் சட்டம் இதைக் காணாது. சிறுகடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் விதி வகுத்தது. குடும்ப வருவாயில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகலாகாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வந்து தொல்லை தரலாகாது. நல்ல விதிகள். ஆனால் நம் குடும்பத்தின் மாத வருவாய் 26,400. அதில் பாதி 13,200. அவர்கள் கட்டுவதோ 6,500. விதியின் கண்ணுக்கு அந்த வீட்டில் குறையே இல்லை! மாத்திரை பாதியானதும் மகள் படிப்பு நின்றதும் அந்தக் கணக்கில் வாரா. வீட்டுக்குள் இருப்பவர்களே பார்த்தால்தான் உண்டு.

ஆனால் வீட்டுக்குள் பார்க்க விடுவது எது? வெட்கம்! புரோநோட்டுக் கடன் எவ்வளவு என்பது கணவர் நெஞ்சோடு. குழுக்கடனில் எத்தனை தவணை நின்றது என்பது மனைவி மடியோடு. பிள்ளைகளுக்கு எதுவுமே தெரியாது. கடன் பட்டதைப் பாவம் என்றும் தலைவிதி என்றும் எண்ணி மூடி மறைக்க மறைக்க, வசூலுக்கு வருபவனின் குரல்தான் உயர்கிறது. கந்துவட்டியையும் மீட்டர் வட்டியையும் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இல் சட்டம் வந்தது. அதற்குப் பதினான்கு ஆண்டு கழித்து, 2017 அக்டோபரில், திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்கிரையாயிற்று. சின்னஞ்சிறு குழந்தைகளும் சேர்ந்து! வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் மீண்டும் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் இருக்கிறது, அதை எடுத்துப் பேசும் துணிவைத்தான் வெட்கம் தின்றுவிடுகிறது. கடன் குற்றமன்று. மிரட்டுவது குற்றம், வெட்கப்பட வேண்டியவன் மிரட்டுபவன்.

இளைஞனே, நீ மேடையில் சமத்துவம் பேசுகிறாய், பேசு! ஆனால் இந்தச் சனிக்கிழமை உன் வீட்டில் ஒரு தாளை எடுத்து வை. எல்லாக் கடனையும் அதில் எழுது. யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி? வட்டி மிகுந்த கடனை முதலில் ஒழிக்க வழி தேடு. கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ குறைந்த வட்டிக்குக் கிடைக்குமா என்று நீயே நடந்து கேள். அதே தாளின் மறுபக்கத்தில் இன்னொன்றும் எழுது: கடன் வந்தபின் இந்த வீட்டில் யார் யார் எதை எதை விட்டார்கள்? அம்மா விட்டது என்ன? தங்கை விட்டது என்ன? நீ விட்டது என்ன? உன் பெயருக்கு நேரே இடம் வெறுமையாக இருக்குமானால், அங்கிருந்து தொடங்கட்டும் உன் சீர்திருத்தம். மருந்தும் படிப்பும் குறைக்கும் பட்டியலில் ஏறக்கூடாது என்று முடிவு செய். மற்றவை எல்லார் தட்டிலும் சமமாகக் குறையட்டும். அடுப்படி வேலையிலும் உன் பங்கை எடுத்துக்கொள். அதற்கு வட்டியும் இல்லை, பத்திரமும் இல்லை.

அடுத்த கடனின் வித்தையும் இப்போதே கிள்ளிவிடு. மணவிழாச் செலவைப் பாதியாக்கியிருந்தால் அந்தத் திருப்பூர்க் குடும்பத்துக்குப் புரோநோட்டே தேவைப்பட்டிராது. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967ஆம் ஆண்டுச் சட்டம் முழுச் செல்லுபடி தந்துவிட்டது. மாலை மாற்றிக்கொண்டால் போதும். வரதட்சிணையை 1961லேயே சட்டம் தடை செய்தது. ‘மொய் வந்துவிடும், சமாளித்துக்கொள்ளலாம்’ என்று சொல்லாதே. மொய் நோட்டும் கடன் நோட்டுத்தான். இன்று வந்ததெல்லாம் நாளை திரும்பப் போக வேண்டியது.

கடனை அடைப்போம், கடைசிக் காசு வரை அடைப்போம். ஆனால், அடைத்து முடித்த அன்று ஊர் நம்மை ‘மானமுள்ள குடும்பம்’ என்று சொல்லும்போது, அடுப்படியிலிருந்து அம்மாவும் ஆம் என்று சொல்ல வேண்டும். கல்லூரிப் படியிலிருந்து தங்கையும் ஆம் என்று சொல்ல வேண்டும். அவர்கள் இருவரும் சொல்லாத வரையில் அந்த வீட்டுக் கடன் அடைந்துவிடவில்லை, கடன்காரன்தான் மாறியிருக்கிறான்!